அக்கா போட்ட முடிச்சு

மரவள்ளிக் கிழங்கின் மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே ஓர் இளஞ்சிவப்பு தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்ததுதான். அந்த நிறத்தைச் சேலையாக்க எங்கள் முதலாளி அக்காவுக்குத்தான் தோன்றியது. சூரமங்கலத்தில் அவர் தொடங்கிய சேலை டிசைன் கம்பெனி அந்த ஒரு நிறத்தில்தான் எழுந்து நின்றது.

சாயமிட்ட மாதிரி நூலை அக்கா வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரியென்றால் நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார். முடிச்சு விழுந்த நூல்தான் தறிக்குப் போகும். அந்த நூல்களைப் பிரித்து அனுப்புவது என் வேலை. பத்தாவது மட்டும் படித்த என்னை நம்பி அந்த மேசையைக் கொடுத்தவர் அவர்.

ஒருமுறை தறிக்காரர் ஒருவர், "ஏனுங்கக்கா, கலருக்கு ஒரு நம்பர் போட்டு எழுதி வெச்சா என்னங்க?" என்று கேட்டார்.

"நம்பர் போட்டா அது பெயிண்டுக் கடைங்க. நான் உசுரோடதானுங்க இருக்கேன்?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

போன வருஷம் டியூப்லைட்டை மூன்று முறை மாற்றச் சொன்னார். "லைட்டு மாட்டச் சொன்னா மெழுகுவத்தியை மாட்டீட்டுப் போறீங்க" என்று எலக்ட்ரீசியனைத் திட்டினார். எங்களுக்கு வெளிச்சம் நன்றாகத்தான் தெரிந்தது.

அப்போது ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. கிழங்குத்தோல் நிறச் சேலைகள், கருநீலக் கரை. அக்கா கரைக்கான இரண்டு மாதிரி நூல்களை வாசலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றில் முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார். அது கறுப்பு.

"அக்கா..."

"என்ன சாமி?"

சுற்றிலும் ஆறேழு பேர் இருந்தார்கள். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். ஒருவேளை என் கண்தான் தவறோ என்று நினைத்ததாகப் பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். தறிக்காரர்களும் முடிச்சைப் பார்த்தார்கள், நெய்தார்கள்.

மணப்பெண்ணின் அம்மா சேலையை என் மேசையிலேயே விரித்துப் போட்டார். "எங்க ஊட்டு நல்ல காரியத்துக்குக் கறுப்புக் கரையா போடுவீங்க?"

அக்கா கரையை முகத்தருகே கொண்டுபோனார். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இது கறுப்பா சாமி?"

"ஆமாங்கக்கா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் சேலையை மடிக்கத் தொடங்கினார்.

கண்புரை என்றார்கள். ஆபரேஷனும் நன்றாகவே முடிந்தது. ஆனால் திரும்பி வந்து, புரை மறைத்திருந்த நாட்களில் அவர் முடிச்சுப் போட்டு அனுப்பிய சேலை ஒன்றைப் பிரித்ததும், "இத்தன நாளா இந்தக் கலரையா அனுப்புனேன்?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் முடிச்சுப் போடவில்லை. எந்த நிறமும் எங்கேயும் எழுதி வைக்கப்படவும் இல்லை.

இப்போது என் முன்னால் நூலைப் பிடித்து, "நீ சொல்லு சாமி" என்கிறார். நான் உடனே, சத்தமாகவே சொல்கிறேன். அவர் கேட்டுக்கொள்கிறார். பிறகு அதே நூலை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், அங்கிருப்பவரிடமும் கேட்கிறார்.