அம்மனுக்குத் தூக்கிய கை

நான்கு வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதுச்சேரியிலிருந்து வடக்கே போகிற கடற்கரைச் சாலையில் ஒரே ஒரு நொடிக்கு என் வலது கையை மேலே தூக்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதே கையால்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் என் கால்கள் வீட்டில் நிற்க மறுத்தன. உட்கார்ந்தால் நடக்கச் சொல்லும், நடந்தால் ஓடச் சொல்லும். கடைசியில் ஒரு சைக்கிள் வாங்கினேன். குருசுக்குப்பத்தில், படகுகள் வலையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் ஆறேழு பேர் கூடுவோம். எங்களைச் சேர்த்துவைத்தவர் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. என்னை அக்கா என்பார்.

அந்தக் கூட்டத்துக்கு மார்கழிப் பனியில் வந்து சேர்ந்தார் அந்த ஹாலந்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கயிறு முறுக்கியது போன்ற கால்கள். பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குப் பந்தய சைக்கிள் ஓட்டியவர். நாங்கள் டீ குடிக்கும் கடைக்காரர் முதல் நாளே அவரை ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா, ஆக்கிவிட்டார். வெள்ளைத் தோல் என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுதான். இவர் ஹாலந்து என்று நான் திருத்தியதற்கு, “அது பிரான்சுல எந்தப் பக்கம்மா இருக்குது?” என்றார்.

எத்தனை பந்தயம் ஜெயித்தீர்கள் என்று கேட்டோம். ஒன்றுகூட இல்லை என்றார். ஜெயிப்பது அவர் வேலையே இல்லையாம். அணியில் ஒருவர் ஜெயிக்க வேண்டும். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தங்கள் நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னேறிப் போய்க் கொடுக்க வேண்டும். தண்ணீர் சுமக்கிறவனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். லேத் தம்பி முகம் மாறாமல், “தண்ணி பார்ட்டி” என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். முசியே அதை நம்பி, டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் தான் பன்னிரண்டு வருஷம் தண்ணி பார்ட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதுக்கடைகளுக்குப் பேர்போன எங்கள் ஊரில் எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். அர்த்தம் தெரிந்த அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகும் அந்தப் பெயரை விடவில்லை.

ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொன்னார். மழை. பந்தயம் முடிய இன்னும் இருபது கிலோமீட்டர். முன்னால் போன நான்கு பேரில் அவரும் ஒருவர், அவருடைய அணித் தலைவரும் ஒருவர். அன்றைக்கு எல்லோருடைய கால்களையும்விடத் தன் கால்கள் நன்றாக இருந்தன என்றார். அப்போது தலைவரின் கை மேலே எழுந்தது. பஞ்சர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கை எழுந்தால் பிரேக் பிடி, இறங்கு, உன் சக்கரத்தைக் கழற்றிக் கொடு. கொடுத்துவிட்டு, ஒற்றைச் சக்கரத்தோடு இருந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கார் வரும்வரை மழையில் நின்றாராம். தலைவர் ஜெயித்தார். அவ்வளவு முன்னால் முசியே அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை.

தை மாதக் கடைசியில் தனியாகக் கன்னியாகுமரி வரை ஓட்டிப் போவதாக இருந்தார். ஒருமுறை உடைந்து ஒட்டிய இடுப்பெலும்பு இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும், அதனால் இப்போதே போய்விட வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். யாருக்கும் காற்றை மறைக்காமல், யாருக்கும் தண்ணீர் சுமக்காமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கே அவருக்கான ஒரு பயணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் போனேன். எனக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் லேத் தம்பி, மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அப்படி ஒட்டிப் போனால்தான் பின்னால் வருபவருக்குக் காற்று அடிக்காது. வழியில், சாலையை ஒட்டி ஓர் அம்மன் கோயில். நான் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. ஆனால் பஸ்ஸில் போனாலும் ஸ்கூட்டரில் போனாலும் கோயிலைக் கண்டால் கை தானாக எழும். நெற்றியைத் தொடும், நெஞ்சைத் தொடும், இறங்கிவிடும். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். அன்று தலையில் ஹெல்மெட் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வர, கை வழக்கத்தைவிட உயரமாக எழுந்தது.

பின்னால் ரப்பர் தேயும் சத்தம். பிறகு இரும்பு. பிறகு ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல, உடம்பு தாரில் விழும் சத்தம்.

திரும்பி வந்தபோது முசியே ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் அதற்குரிய திசையில் இல்லை. முழங்கையில் ரத்தம் ஒழுக, லேத் தம்பி கேட்டார்: “என்னாச்சுக்கா? முசியே ஏன்கா திடீர்னு பிரேக் புடிச்சாரு?”

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மழை, பஞ்சர், எழுந்த கை. கோயில் படியில் படுத்திருந்த ஒரு செவலை நாய், சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“நாய் குறுக்க பூந்துடுச்சு” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கை எழுந்தது போலவே அதுவும் தானாக எழுந்தது.

பழைய இடத்திலேயே எலும்பு உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். நடந்தால் பெரிய விஷயம், சைக்கிளை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். கட்டில் ஓரமாக நின்று, அன்றைக்கு என் கை என்ன செய்தது என்று செய்து காட்டினேன். மெதுவாக இன்னொரு தடவை காட்டச் சொன்னார். கையையே ரொம்ப நேரம் பார்த்தார். பஞ்சர் என்று நினைத்தேன், உனக்குச் சக்கரம் கொடுக்கத்தான் நின்றேன் என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வந்து கேட்டவர்களிடமெல்லாம் நாய்தான் என்று அவரும் சொல்லிவிட்டாராம். அடுத்தவரின் சுமையைத் தான் வாங்கிக்கொள்வது அவர் தொழிலில் வழக்கமாம். பிறகு தமிழில் சொன்னார்:

“நான் தண்ணி பார்ட்டி. பரவால்ல.”

நான் தலையாட்டினேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் தனியாக அந்தச் சாலையில் போனேன். கோயில் படி காலியாக இருந்தது. அருகில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், இங்கே ஒரு நாய் இருக்குமே என்று கேட்டேன்.

“அதுவா? மருந்து வெச்சுக் கொன்னுட்டாங்கம்மா. யாரோ வெள்ளைக்காரரைத் தள்ளிவுட்டுச்சாம்.” விரல்கள் நாரை முடிந்துகொண்டே இருந்தன. “அன்னிக்கு அது என் பக்கத்துலதான் தூங்கினு கெடந்துச்சு. நான் சொன்னா யாரு கேக்குறா? அடிபட்டவரே நாய்தான்னு சொல்லிட்டாராமே.”

நாய் வரவில்லை என்றும், நான் கும்பிடக் கை தூக்கியதால்தான் முசியே விழுந்தார் என்றும் அந்த அம்மாவிடம் சொன்னேன். முசியேவைத் தவிர, முதன்முதலாக உண்மையைச் சொன்னது அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்தான். பூக் கட்டும் விரல்கள் நின்றன.

“இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாம்மா?”

வீட்டுக்கு வந்து லேத் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். “கோயில் பக்கத்துக் கடைக்காரங்க எந்த நாய்னு கேட்டப்ப, நான்தாங்க்கா அந்த நாயைக் காட்டுனேன்” என்றார். போனை வைத்துவிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், வணக்கம் சொல்கிறார். எனக்குப் பின்னால் மட்டும் ஓட்டுவதில்லை.

ஹாலந்துக்கும் எழுதினேன். பல நாள் கழித்து ஒரு வரி வந்தது. அந்த நாய்க்குப் பெயர் இருந்ததா என்று கேட்டிருந்தார். மறுபடியும் போய்ப் பூக்காரம்மாவிடம் கேட்டேன். “பேரெல்லாம் இல்லம்மா. வான்னா வரும்” என்றார்.

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இன்றைக்கும் அந்தக் கோயில் வரும்போது கை எழப் பார்க்கும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொள்வேன். என் சுமையை அவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் ஆஸ்பத்திரியில் நிம்மதிப்பட்டேன். அது கடைசியில் போய் இறங்கியது ‘வா’ என்றால் வந்த ஓர் உயிரின் மேல் என்பதை, ஒவ்வொரு முறை அந்தப் படியைக் கடக்கும்போதும் என் கை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.