இடி கேட்டு மெயினை அணைத்த அன்று

அன்று வீட்டில் இருந்தது நான். என் வீட்டுக்காரி. ஊர்ப் பொங்கலுக்கு வந்த மகள். அடுத்த வீட்டிலிருந்து வந்த மதினி, என் அண்ணன் மனைவி. மகளின் கம்ப்யூட்டரில் அவளுடைய அதிகாரியம்மா, முகம் மட்டும்.

மகளுக்கு டெலஸ்கோப் வேலை. கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் இல்லை. மாடியில் மாட்டுகிற டிஷ் மாதிரி, ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைவிடப் பெரிசு. வடக்கே எங்கோ பொட்டலில் நிற்கின்றன. பூமி சுற்றச் சுற்ற எல்லாம் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். எது எவ்வளவு திரும்பணும் என்கிற கணக்கும், திருப்புகிற புரோகிராமும் மகள் எழுதியது. எல்லா டிஷ்ஷையும் அதில் ஓட்டுவது அன்றுதான் முதல் தடவை. சரியாக வந்தால் அதையே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பழையதுதான்.

"இங்கன உக்காந்து எங்கனயோ கெடக்குறதத் திருப்புதா," என்றாள் மதினி. "இந்த ஃபேனைத் திருப்பச் சொன்னா மாட்டா."

"செத்த இருங்க பெரியம்மா."

ஆமத்தூர்ப் பக்கம் இடி முழங்கியது. என் வீட்டுக்காரி பல வருசமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். அங்கே இடி கேட்டால் மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுப்படியிலிருந்து வந்தாள். மெயினை அணைத்தாள். வாசலில் போய் நின்றாள்.

நெட் பெட்டி அணைந்தது. அதிகாரியம்மா முகம் அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா செஞ்ச?"

"இடிச்சதுல்லத்தா."

நான் மெயினைப் போட்டேன். பெட்டி உயிர் வர நேரமெடுத்தது. மகள் முகம் வெளுத்திருந்தது.

"இங்கருந்து பேச்சு நின்னா, அங்கன புரோகிராம் தானா எல்லாத்தையும் வானத்தைப் பாத்து மல்லாத்தணும்ப்பா. சாஞ்சே நின்னா காத்து ஒடச்சிரும். எழுதிருக்கேன். நெச டிஷ்ல ஓட்டிப் பாக்கல."

போன் வந்தது. அதிகாரியம்மாதான். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். அங்கிருக்கும் கேமராவில் பார்த்து, மல்லாந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். இங்கிலீசு எண்ணிக்கை எனக்கும் புரியும்.

"எம்புட்டு வரணும்?" என்றாள் மதினி.

"பதினாறு."

பதினைந்தில் எண்ணிக்கை நின்றது. ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்ததாம். பிறகு அவர் அதையும் எண்ணினார். திரும்பியதும் சரி, மல்லாந்ததும் சரி, இனி பழைய புரோகிராமை எடுத்துவிடலாம் என்றார்.

"நான் அணைக்கப் போயித்தான் தெரிஞ்சது," என்றாள் என் வீட்டுக்காரி.

"ஆமா, சம்பளத்துல பாதி ஒனக்கு," என்றாள் மதினி.

மகள் சிரித்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதை அவர்கள் பார்க்கவில்லை.

ஆள் சொல்லாமல், என் மகள் எழுதியதை மட்டும் கேட்டு மல்லாந்து நின்றவை பதினாறு.