இரண்டு பேணி சன்னம்

மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, குசினி வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவள் சன்னம் பொறுக்கிய காட்சிதான். சன்னம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகள் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் பயன்படுத்துகிற காற்றுத் துவக்கில் போடும் மிளகளவு ஈயக் குண்டு, அவ்வளவுதான். இடை ஒடுங்கி, பின்பக்கம் சின்னப் பாவாடை விரித்தாற்போல இருக்கும். அந்தப் பாவாடையின் விளிம்பு நெளிந்திருந்தால் குறி பிசகும் என்று அவளுடைய மகள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மச்சாளுக்கு அது போதும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நல்லவை ஒரு பக்கம், நெளிந்தவை ஒரு பக்கம், இன்னதென்று சொல்ல முடியாதவை இன்னொரு பக்கம். அந்த மூன்றாவது குவியல்தான் எப்போதும் பெரிது. "ஒருக்காச் சுட்டதைப் பொறுக்கித் திரும்பவும் தகரப் பேணியில போட்டு வித்திருக்கிறான்" என்று, முகமே தெரியாத கடைக்காரனுக்குத் தீர்ப்பும் சொல்லிவிடுவாள்.

மச்சாள் என் மாமாவின் மகள். புளியங்கூடலில் இருக்கிறாள். நான் கரம்பொன்; யாழ்ப்பாணத்துக்கு அருகே ஒரே தீவின் இரண்டு ஊர்கள். அவளுடைய கணவர் தோட்டம் செய்கிறார். வாய் திறந்து பேசுவது மிகக் குறைவு. வீட்டில் எதையும் நம்புவதா இல்லையா என்று முடிவெடுக்கும் வேலையை அவர் மனைவியிடம் விட்டு வெகுகாலம். அந்த வேலையை அவள் குறைவில்லாமல் செய்தாள். பால்காரன் முதல் பாடசாலை அதிபர் வரை ஒருவரும் தப்பியதில்லை. நானும்தான். சீனி வாங்கிக்கொண்டு போனால், நன்றி சொல்ல முதல் பையைக் கையில் தூக்கி நிறை பார்ப்பாள்.

துவக்கு வந்த கதை வேடிக்கையானது. கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து பாடசாலைக்கு அதை அன்பளிப்புச் செய்தார்கள். விழா வைத்து, மாலை போட்டு, படம் எடுத்து, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மண்டபச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. அதற்குச் சன்னம் வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிபர் துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பிலே வைத்துக்கொண்டார். எங்களுடைய தீவில் துவக்கு என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் அப்படி. அது விளையாட்டுக்கானது என்று கடிதம் இருந்தாலும் ஒருவரும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட துவக்கில்தான் மச்சாளின் மகள் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்து தேசிய அணிக்கான தேர்வு. அதுவரை நாள்தோறும் சுட்டுப் பழக வேண்டும். ரூபா விழுந்து, இறக்குமதியும் இறுகிப்போன காலம் அது. முன்பு ஒரு பேணி வாங்கிய காசுக்கு இப்போது மூடியைத்தான் தருவார்கள் போலிருந்தது.

தேடி அலைந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையொன்றில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?" என்றார். பாடசாலைக் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு, "அது சரி, எதுக்கு?" என்று திரும்பவும் கேட்டார். அடையாள அட்டையின் பிரதியை வாங்கிக்கொண்ட பிறகுதான் பின்னறையிலிருந்து ஒரு பேணி வந்தது. மூடியில் துரு. விலையைச் சொன்னபோது எனக்கு வியர்த்தது. வாங்கினேன். பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சட்டைப் பையில் அதிபரின் கடிதமும் கடை பில்லும் இருக்க, ஒரு கிலோ பருப்பு வாங்கிப் பேணியை அதற்குள் புதைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பண்ணைப் பாலம் கடந்தேன். சோதிக்க யாரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் கடிதத்தைக் காட்டித் தப்பியிருக்கலாம். ஆனால் விளையாட்டுச் சன்னத்தைப் பருப்புக்குள் ஏன் ஒளித்தாய் என்று கேட்டால் எந்தக் கடிதம் பதில் சொல்லும்? எங்களுக்குக் குற்றம் செய்யாமலே ஒளிக்கப் பழகிவிட்டது.

பிறகு முகநூலில் ஒருவன் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னான். முற்பணம் கேட்டான். மச்சாள் என் கைத்தொலைபேசியை வாங்கி அவனுடைய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். "இவன்ர பின்னால நிக்கிற கார் இவன்ர இல்லை" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாளில் அந்தக் கணக்கே காணாமல் போனது. அவளுடைய சந்தேகம் பலிக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் சந்தோசம் வருவதில்லை, அலுப்புத்தான் வரும்.

அவள் பிறவியிலே இப்படி இல்லை. சின்ன வயதில் அவளை ஏமாற்றுவதைப் போல லேசான வேலை எங்களுக்கு வேறில்லை. அவளுடைய தம்பி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். கடைசிச் சண்டை தொடங்கிய காலத்தில் ஒருநாள் சீருடை போட்ட சிலர் வீட்டு வாசலுக்கு வந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடுகிறோம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார், எந்த இடம் என்று சொல்லவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் தரவில்லை. அப்போது மகள் கைக்குழந்தை. "ஒரு கேள்விதானே எண்டு நானும் படலையைத் திறந்து விட்டனான்" என்று மச்சாள் ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னாள். பிறகு எந்தப் படைமுகாமில் கேட்டாலும், அப்படி ஒருவரை யாரும் கொண்டு வந்ததற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். அதன்பிறகு அவள் எதையும் நம்பவில்லை.

இப்படி இருக்கையில்தான் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் ஒரு செய்தியோடு வந்தார். கரையோர முகாமில் இளம் அதிகாரி ஒருவர் இருக்கிறாராம். அவரும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர். மாவட்டப் போட்டியில் பிள்ளை சுட்டதைப் பார்த்திருக்கிறார். தன்னிடம் இரண்டு பேணி சன்னம் மிச்சமாக இருக்கிறது, காசு வேண்டாம், பிள்ளையிடம் கொடுப்பது முறையில்லை, பெற்றோர் யாராவது வந்து வாங்கிப் போகட்டும் என்றாராம். ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். நல்ல ஜேர்மன் சன்னம் என்று இரண்டு தரம் சொன்னார்.

மச்சாள் அவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஏன் தாய் தேப்பன் வர வேணுமாம்?"

"பிள்ளையைக் கூப்பிட்டால் அதுக்கும் சந்தேகப்படுவீர்" என்றேன்.

"ஓம், படுவன். இண்டைக்குச் சன்னம் தருவினம். நாளைக்கு எங்கட இடத்தில வந்து பழகச் சொல்லுவினம். அங்காலை பேர் பதிவினம், படம் எடுப்பினம். சும்மா தாறதுக்கு அவை என்ன எனக்கு மாமன் மச்சானே?"

எனக்கும் அவள் சொன்னதில் பாதி சரியென்றே பட்டது. முகாம் வாசலில் நாங்கள் நிற்பதை யாராவது கண்டால் அது எத்தனை நாட்டுக்கு எத்தனை விதமாகப் போய்ச் சேரும் என்ற பயமும் இருந்தது. ஆனால் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. நான் வாங்கிய பேணி முடிந்து, கிழமைக்கணக்கில் அவள் பாடசாலையில் சன்னம் இல்லாத வெறும் துவக்கைத்தான் சுவரை நோக்கிப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். "அம்மா, பேப்பரில விழுற ஓட்டைக்கு ஆரின்ர சன்னம் எண்டு தெரியாது" என்றாள். "நீங்கள் வேண்டாம் எண்டால் நான் தேர்வுக்குப் போகேல்ல. ஆனா நான் தோத்தனான் எண்டு மட்டும் பிறகு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் விடேல்ல எண்டு சொல்லுங்கோ."

மச்சாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றாள். தோய்த்து மடித்த சேலை, கையில் துணிப்பை. "வாரும், போவம். சிங்களம் தெரிஞ்ச ஆள் வேணும்." அப்பா தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் நான் அங்கே படித்தவன். அந்தச் சிங்களம் எனக்கு எத்தனையோ இடத்தில் கைகொடுத்திருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

முகாம் வாசலை அடுத்த சின்ன அறையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு எங்களை இருத்தினார்கள். அதிகாரி முப்பது வயதைத் தாண்டாதவர். சிரித்த முகம். பேணி இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கை நடுங்குவதே இல்லை, அது பழகி வருவதில்லை, பிறவியில் வருவது என்று சொன்னார். உண்மையான ஆசையோடுதான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் வாசலுக்கு வந்தவர்களும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. தேத்தண்ணி வந்தது. மச்சாள் தொடவில்லை.

"துண்டு எழுதித் தரச் சொல்லும்" என்றாள். "ஆர் தாறது, ஆருக்குத் தாறது, என்ன சாமான், எத்தினை, என்னத்துக்கு, எண்டைக்கு. எல்லாம் எழுதி, பேரும் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லும்."

முடிந்தால் ஒரு பற்றுச்சீட்டுக் கிடைக்குமா என்று நான் பணிவாகக் கேட்டேன்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னது நீளம். நீர் சொன்னது கட்டையாக் கிடக்கு. நான் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

சொன்னேன். அதிகாரி குழம்பிப்போனார். இது தன் சொந்தச் சாமான், அன்பளிப்பு, இதற்கு எழுத்து எதற்கு என்றார். "தேவை" என்றாள் மச்சாள். அதை அவள் சொன்ன விதத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் ஒரு தாள் எடுத்து எழுதினார். அவள் என்னை வரிவரியாக வாசிக்க வைத்தாள். பிறகு சீல் கேட்டாள். அது உள்ளே இருக்கிறது என்றார். "இருக்கிறம்" என்றாள். அவர் எழுந்து போய்க் கொண்டுவந்து குத்தினார். அவள் பேணிகளைப் பைக்குள் வைத்தாள். தாளை நாலாக மடித்தாள். இனி எழும்பலாம் என்று நான் கதிரையை நகர்த்தினேன்.

"எழுதத் தெரியுது. சீலும் இருக்கு" என்றாள். குரல் உயரவில்லை. "என்ர தம்பியைக் கொண்டு போகேக்க ஏன் ஒருத்தரும் ஒரு துண்டும் தரேல்ல எண்டு கேளும்."

பயந்தேன், அதை மறைக்கவில்லை. பேணியைத் திரும்ப வாங்கிவிடுவார்கள், பிள்ளையின் தேர்வு போய்விடும், இன்னும் என்னென்னவோ நடக்கும் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பி எனக்கு மச்சான். அவனோடு நான் கடலில் நீந்தியிருக்கிறேன். அப்படியே சொன்னேன், ஒரு சொல்லும் குறையாமல்.

அதிகாரி பேனையின் மூடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு, "அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்" என்றார். தமிழில் சொன்னேன்.

"என்ர தம்பியும்தான்" என்றாள் மச்சாள்.

அதையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மகள் தேர்வில் எடுபட்டாள். அந்தச் சன்னத்தை மச்சாள் பொறுக்காமலா விட்டாள்? பொறுக்கினாள், ஒன்றும் நெளிந்திருக்கவில்லை, அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் தந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. இருக்கலாம் என்று நினைக்கத் தொடங்கினால் உடனே மச்சாளின் முகம் வந்து நிற்கிறது.

போன மாதம் காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணை ஒன்றுக்கு அவளோடு போயிருந்தேன். தம்பிக்காக இத்தனை வருடமும் எழுதிய முறைப்பாடுகளின் பிரதிகளை அவள் ஒரு கோப்பில் வைத்திருக்கிறாள். எல்லாம் அவள் எழுதியவை. விசாரித்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்து ஒரு தாளில் நின்றார். இரண்டு பேணி சன்னம், பாடசாலைப் பயிற்சிக்கு என்று இருக்கிறதே, இது எப்படி இதற்குள் வந்தது, மாறி வைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் மச்சாள். "இவ்வளவு காலத்தில அவை எழுதித் தந்தது இது ஒண்டுதான்."