கடற்படைக் கடிகாரமும் அத்தையின் கயிறும்

என் மாமா துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பல்களின் அடியில் அப்பிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது அவர் வேலை. அவர் நீருக்குள் இருக்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பது என் அத்தையின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதனால் மாமா அவளைக் கேலியாகக் ‘கமாண்டர்’ என்று கூப்பிடுவார்.

மற்ற நேரமெல்லாம் மாமாவுக்குப் பழைய கடிகாரங்கள். எல்லாக் கடிகாரமும் அல்ல. படைகள் தம் முக்குளிப்பு வீரர்களுக்குக் கொடுத்தவை மட்டும். பின்மூடியில் படையின் முத்திரையும் எண்ணும் வெட்டியிருக்க வேண்டும். கீறல் எவ்வளவு இருந்தாலும் சரி. யாராவது தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் ஊசிப்போன மீனைக் கண்டதுபோல முகம் சுளிப்பார்.

“வீட்ல இத்தனை கடிகாரம் ஓடுது. மணி தெரியணும்னா பக்கத்து வீட்லதான் கேக்க வேண்டியிருக்கு” என்பாள் அத்தை.

அந்த வாரம் புதிதாக ஒன்று வந்திருந்தது. அதன் முகப்பைச் சுற்றி ஒரு வளையம். இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தோம் என்று பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதைய கடிகாரங்களில் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். இது பழையது, இரண்டு பக்கமும் திரும்பும். மாமா அதைக் கழற்றி, அடியில் இறுகியிருந்த அழுக்கையெல்லாம் ஊசியால் சுரண்டிவிட்டார். அழுக்குப் போனதும் வளையம் வெண்ணெய்போல வழுக்கியது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வில் தளர்ந்துபோயிருந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் புது வில் போடச் சொன்னார். புதுசு போட்டால் அசல் போய்விடும் என்று மாமா எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டே வேலைக்குப் படகில் ஏறினார். உருளையில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவுமானி பழுதாகிக் கடையில் கிடந்தது.

“அளவுமானி வரட்டுமே. ஒரு நாள்ல கப்பல் ஓடியா போயிடும்?” என்றாள் அத்தை.

“ஓடித்தான் போகும், நாளைக்குக் கிளம்புது. இது சண்டைக்குப் போன கடிகாரம், கமாண்டர். உன் பிளாஸ்டிக் கடிகாரம் இல்ல.”

“சண்டைக்குப் போனவரு திரும்பி வந்தாரான்னு கேட்டீங்களா?”

படகோட்டி சிரித்தார். மாமா வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார்.

உருளையில் முக்கால் மணி நேரத்துக்குக் காற்று. அரை மணி தாண்டியதும் மேலே வா என்பதற்காக அத்தை கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். கீழேயிருந்து ஒரே ஓர் இழுப்பு வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தாள். மறுபடியும் ஒன்றுதான், இந்த முறை வெடுக்கென்று.

“கோவமா இருக்காரு” என்றார் படகோட்டி.

“உங்க கடிகாரத்துல என்ன மணி, தம்பி?”

அவர் சொன்னது அத்தையுடையதோடு ஒத்துப்போனது. இன்னும் ஐந்தாறு நிமிடத்துக்குத்தான் காற்று இருக்கும். கயிறு கப்பலின் வயிற்றுக்கடியில் வளைந்து போயிருந்தது. பலமாக இழுத்தால் சிப்பியின் விளிம்பில் உரசி அறுந்துவிடும், அல்லது மனிதரையே அதில் உரசித் தள்ளும். இழுக்காமல் இருந்தால் அவர் தன் கடிகாரத்தை நம்பிக்கொண்டு அங்கேயே இருப்பார். குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அத்தை அவற்றையே பார்த்தாள்.

பிறகு கயிற்றைப் படகோட்டியிடம் கொடுத்தாள். பெரிய ஸ்பேனரை எடுத்துக் கப்பலின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தாள். நிறுத்தவில்லை. மேல்தளத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடித்தாள். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மண்டைக்குள் அடிப்பதுபோல் இருக்கும் என்று மாமாவே சொல்லியிருக்கிறார்.

படகின் மறுபக்கம் மாமாவின் தலை எழும்பியது. வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கினார்.

“பைத்தியமா உனக்கு? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. பின்பக்கம் அப்படியே கிடக்கு. நீ கொட்டடிச்சிட்டு உக்காந்திருக்கே.”

அத்தை குனிந்து, அந்தக் குழாயின் முனையிலிருந்த பொத்தானை அழுத்தினாள். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது. அது மெலிந்து, நின்றுபோனது. அவள் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை.

மாமா குழாயைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். மறுகையின் விரல் பட்டதும் வளையம் தானாக நகர்ந்தது. கப்பலில் எங்கேயோ இடித்து முக்கோணக் குறி இருபது நிமிடம் முன்னால் போய், கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. எந்த இடத்தில் என்று அவருக்கே தெரியவில்லை.

படகோட்டி அவர் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போட்டார். மாமா பலகையில் உட்கார்ந்து இருமினார். உருளையின் வாரை அவரால் அவிழ்க்க முடியவில்லை. அத்தை அவிழ்த்தாள்.

கப்பலின் பின்பக்கம் பாசியோடு அப்படியே நின்றது. இன்னோர் உருளை படகில் முழுதாக இருந்தது.

“என்னண்ணே, மிச்சத்தையும் முடிச்சிடலாமா? இல்ல கரைக்கு விடவா?” என்றார் படகோட்டி.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவகிட்ட கேளு” என்றார்.