சீமைத் தோட்டத்தில் ஓர் எள்ளுருண்டை

கடலூரில் நான் வேலை பார்த்த ஆபீஸில், சீமைக்குப் போய் வந்தவன் என்று என்னை உட்கார வைத்துக் கதை கேட்பார்கள். அரசாங்கம் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அறுபதுகளில் அது பெரிய சமாச்சாரம். "அங்க ராஜா காலத்துத் தோட்டமெல்லாம் இருக்காமே சார்?" என்று ஆசையாகக் கேட்பார்கள்.

"தோட்டமா அது? கண்ணுக்கெட்டுன வரைக்கும் புல்லு. மேய ஒரு மாடு கெடையாது. மாட்டைத் தூரத்துல நிக்க வச்சு, நடுவுல யாருக்கும் தெரியாத மாதிரி பள்ளம் வெட்டி வச்சிருக்கான். பாக்கறதுக்கு மட்டும் மாடு" என்பேன்.

உண்மையில் நான் பார்த்தது ஒரே ஒரு தோட்டம். அதை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் போன கதை வேறு. நான் சீமைக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நான் கிளம்பிய அன்று காலை சிதம்பரத்து வீட்டில் அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். ஸ்டேஷனுக்கும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து அவர் போய்விட்டதாகத் தந்தி வந்தது. பின்னாலேயே வந்த கடிதத்தில், பதினாறாம் நாள் காரியத்தைச் சித்தப்பா செய்வதாக அக்கா எழுதியிருந்தாள். "அன்னிக்கு நீயும் ஒரு கொளத்தங்கரையில எள்ளும் தண்ணியும் விட்டு, காக்காய்க்கு ஏதாவது வையி. கோவத்தோட சாப்புடாம எந்திரிச்ச மனுசன்டா" என்று கடைசி வரி. அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. பட்டினியாக எழுந்து போனவர் என் கையால் ஒரு வாய் வாங்கிக்கொள்வாரா என்பதுதான் என் கவலையெல்லாம்.

அந்தப் பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா, "தோட்டத்துக்கு வா, மனசு ஆறும்" என்றாள். சாவு விழுந்தவனைத் தோட்டம் பார்க்கக் கூப்பிடுகிற ஜனம்! ஆனால் அவள் காட்டிய படத்தில் ஒரு பெரிய குளமும், கரையில் தூண் வைத்த மண்டபமும் இருந்தன. குளக்கரையில் மண்டபம் என்றால் வேறு எதற்கு இருக்கும்? கருமாதி மண்டபம் என்றே நினைத்தேன். அக்கா கட்டிக்கொடுத்ததில் மிச்சமிருந்த ஒரே எள்ளுருண்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அது கல்லாகிப் போயிருந்தது.

போகிற வழியெல்லாம் வீட்டுக்காரம்மா பெருமை பாடினாள். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் ஜன்னலிலிருந்து பார்க்க லட்சணமாக இல்லை என்று ஓர் ஊரையே பெயர்த்து அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்களாம். இடிந்த கோட்டைச் சுவர் ஒன்றைக் காட்டினாள். அது இடியவே இல்லையாம், இடிந்த மாதிரியே புதிதாகக் கட்டினார்களாம். எங்கள் பக்கத்தில் இடிந்த கோயிலை எடுத்துக் கட்ட நாதியில்லை. அவ்வளவு பூ பூத்திருந்தது, பறித்துத் தலையில் வைக்க ஒருத்தி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, தூறலில் குளத்தைச் சுற்றி நடந்தேன். மண்டபத்து வாசலில் செருப்புக் கழற்றுவது போல ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஐயர் இல்லை, கருமாதிக் கல் இல்லை, ஒரு விளக்கு மாடம்கூட இல்லை. ஒரு பெஞ்சும், அதில் காதலர்கள் கீறிய பெயர்களும் இருந்தன. சும்மா, அழகுக்குக் கட்டியதாம். தூ!

வேறு வழியில்லை. படியில் எள்ளுருண்டையைக் கல்லால் உடைத்து, உதிர்ந்த எள்ளைத் தண்ணீரோடு சேர்த்துக் குளத்தில் விட்டேன். மிச்சத்தை ஓர் இலையில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஒரு கிழவர் தன் நாயை இழுத்துக்கொண்டு வேறு வழியாகப் போனார். காக்கை வரவில்லை. கரையேறி ஒரு வாத்து வந்தது. விரட்டினேன். திரும்ப வந்தது. "சனியனே, ஒனக்கா வச்சேன்?" என்று குடையால் இரண்டு போட்டேன். அப்போதும் போகாமல், அடியை வாங்கிக்கொண்டே அத்தனையையும் தின்றுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா வரவில்லை என்றே முடிவு கட்டினேன்.

ஊர் திரும்பியதும் சிதம்பரத்தில் அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அங்க காக்கா எடுத்துச்சா?"

"அந்த ஊர்ல காக்கா எங்க வருது? வெக்கங்கெட்ட வாத்து ஒண்ணு வந்து முழுங்கிட்டுப் போச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முழுசுமா?"

"ஒரு பொட்டு விடல."

"இங்க தொடவே இல்லடா" என்றாள். "சித்தப்பா எலைய வச்சிட்டு உச்சி வெயில் வரைக்கும் கூப்புட்டாங்க. மதில் மேல வரிசையா ஒக்காந்திருந்துச்சுங்க, ஒண்ணுகூட எறங்கல. நீ மனசொடைஞ்சி போவேன்னுதான் எழுதல. அவுங்க அங்கல்ல வந்திருக்காங்க! பாண்டிச்சேரி தாண்டாத மனுசன், ஒன்னைத் தேடிக்கிட்டு அவ்ளோ தூரம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசியோட வந்திருப்பாங்க. நிம்மதியாத் தின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நிம்மதியாத்தான் தின்னுச்சு" என்றேன். குடையைப் பற்றி இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.