தவெர்னா சுவரில் என் படமும் ஒரு மாலையும்

இன்று காலை வேலைக்குப் போனால், என் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்!

(பதறாதீர்கள். இந்தப் பதிவை எழுதுவது நான்தான்!)

இடம், இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தைக்குள் இருக்கும் பழைய தவெர்னா. வைன் கடைதான். பதினான்கு வருடமாக அதன் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே ஒரு சுவர் இருக்கிறது. முதலாளி சால்வோவின் அப்பப்பா காலத்திலிருந்து கடையோடு ஒட்டியவர்களின் படங்கள். துறைமுகத்திலிருந்து வைன் பீப்பாயைத் தனியாளாக உருட்டி வந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த மறுநாள், கதவே இல்லாத கடைக்குள் வந்து "ஒரு கிளாஸ்" என்று கேட்டவர். இன்றைக்கும் தன் படத்துக்குக் கீழேயே குந்தியிருக்கும் முடிவெட்டுகிற நீனோ.

எல்லாம் ஆண்கள்! எல்லாம் சிசிலிக்காரர்! அந்தச் சுவரில் ஏற எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்று ஏறிவிட்டேன்! நீனோவுக்குப் பக்கத்தில், தங்க நிற பிரேமுக்குள். சுற்றிவரப் பிளாஸ்டிக் மாலை. முன்னால் சிவப்பு பல்பு!

"உங்கடை வீட்டிலை பாத்தனான். பெரிய மரியாதையெண்டால் இப்பிடித்தானே?" சால்வோவுக்கு முகமெல்லாம் பல்.

(அவர் எங்கள் வீட்டில் பார்த்தது காலமான என் மாமனாரின் படம்!)

என்னைக் கொண்டுவந்து விட்ட என் மனுசன் வாசலிலேயே அலறினார்.

"ஐயோ! உயிரோடை நிக்கிற மனிசிக்கு மாலையோ? இப்பவே படத்தைக் கழட்டச் சொல்லுமப்பா!"

நான் விஷயத்தைச் சொன்னதும் சால்வோ வெளிறிப்போனார். நீனோ பாய்ந்து, தான் குந்தியிருந்த கதிரையின் இரும்புக் காலைப் பிடித்தார். (சாவுப் பேச்சு வந்தால் இரும்பைத் தொடுவது இந்த ஊர் வழக்கம்.) சால்வோ ஸ்டூலில் ஏறிப் படத்தில் கைவைத்தார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"படத்தைத் தொட்டியளெண்டால் இண்டைக்கு ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை! மாலையை மட்டும் கழட்டுங்கோ!"

கழற்றினார். இனி அதை எங்கே வைப்பது? எறிந்தால் அவர் முகம் வாடிவிடும்.

மனுசன் அதைக் கையில் வாங்கிக் கொஞ்சம் யோசித்தார்.

"உயிரோடை இருக்கிறவளுக்குக் கழுத்திலைதான் போடவேணும்."

போட்டே விட்டார்!

கடை முழுக்கக் கத்தியது: "விவா லி ஸ்போசி!" மணமக்கள் வாழ்கவாம்! கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், இரண்டு பிள்ளைகள்! வெட்கத்தில் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

படம் சுவரில்தான் இருக்கிறது. முதல் பெண், முதல் தமிழச்சி! எழுதும்போதே கண் கலங்குகிறது.

ஒரேயொரு சிக்கல். அந்தச் சுவருக்குத் தூசி தட்டுவதும் நான்தான். நாளையிலிருந்து என் முகத்தை நானே துடைக்க வேண்டும்!