நீளத்தண்ணீர் ஏரியும் நண்டுக் கூழும்

“தம்பி, போன கிழமை ‘நொக்லவன் குளத்தடியில் ஒன்றுகூடல்’ என்று எழுதியிருந்தீர். ‘வன்’ எண்டாலே நோர்வேஜிய மொழியில் தண்ணி, குளம். குளத்துக்கு மேலை இன்னொரு குளமோ? திருத்தம் போடும் வரைக்கும் நான் கூழ் காய்ச்ச மாட்டன்.”

என் பத்தியைப் படித்துவிட்டு வந்த, 2006 ஜூன் 7, புதன்கிழமை என்று திகதியிட்ட கடிதம். எழுதியவர் ட்வெய்ட்டாவில் இருக்கும் புவனா அக்கா.

அக்கா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். தரிப்பிடத்தின் பெயரைப் பிழையாகச் சொன்னால் பயணியையே திருத்துவார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கூழ் இல்லாத ஒன்றுகூடல்...? போன வருடம் பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டு அவர் காய்ச்சும் ஒடியற் கூழுக்காகவே, நகரின் தெற்குக் கோடி பியோர்ண்டாலில் இருந்து பஸ் மாறி மாறி வந்தவர்கள் உண்டு!

திருத்தம் போட்டுவிடலாம்தான். ஆனால் வெஸ்ட்லியில் என் பக்கத்து வீட்டில் மோராக் இருக்கிறாளே! ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரி. தாய்மொழி கேலிக். அவள் வீட்டுச் சுவரில் தீவின் வரைபடம் தொங்குகிறது. தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஓர் ஏரியின் பெயருக்குப் பொருள் கேட்பேன். ‘லொக்’ என்றால் ஏரி. லொக் டூ – கறுப்பு ஏரி. லொக் நம் ப்ரெக் – ட்ரௌட் மீன் ஏரி. லொக் மோர் – பெரிய ஏரி. நம் ஊர்ப் பெரியகுளமேதான்!

அந்த வரைபடத்தில்தான் லொக் லங்கவத்தும் இருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன் நோர்வேயிலிருந்து போனவர்கள் அதற்கு ‘நீளத்தண்ணீர்’ என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். பின்னால் கேலிக் பேசியவர்கள் அதன் முன்னால் தங்கள் ‘ஏரி’யையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு இருவரும் ட்வெய்ட்டாவுக்குப் போனோம்.

“சாட்சிக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திட்டீரோ?” கதவைத் திறந்ததுமே அக்கா கேட்டார்.

மோராக் விளக்கினாள். அக்கா வரைபடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப இது ‘ஏரி நீளத்தண்ணி’! இவ்வளவு காலமா ஒருத்தரும் திருத்தேல்லையோ?” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே நோர்வேஜிய மொழியில் மோராக்கிடமும் கேட்டார்.

“ஏன் திருத்த வேண்டும்?” மோராக் சிரித்தாள். “முந்தி இருந்தவர்கள் வைத்த பெயரை நாங்கள் அழிக்கவில்லை. நாங்களும் வந்து தங்கிவிட்டோம் என்று ஒரு சொல் சேர்த்தோம், அவ்வளவுதான்.”

அக்கா வரைபடத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நாங்களும் இஞ்சை தங்கிட்டம் எண்டு சொல்லுறீர்?”

“நான் சொல்லேல்லை அக்கா, குளம் சொல்லுது.”

“ஓம் ஓம், வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. போய் நண்டை வாங்கிக்கொண்டு வாரும்!”

சனிக்கிழமை ஒன்றுகூடலுக்கு, கம்பளியில் சுற்றிய பெரிய பானையோடு அக்கா வந்து இறங்கினார். மோராக் மூன்றாவது தடவையாகக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கைத்தொலைபேசி அடித்தது. யாரோ வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

“எங்கையோ? நொக்லவன் குளத்தடி... ஓம், குளத்தடி!”

நான் வாயே திறக்கவில்லை. கோப்பையில் கூழ் இருந்தது.

லூயிஸ் பக்கம் லங்கவத் என்ற பெயரில் பல ஏரிகள் இருப்பதாக மோராக் சொல்கிறாள். இன்னும் சரிபார்க்கவில்லை. அங்கேயும் எந்தப் பத்தி எழுத்தாளனுக்காவது இதனால் கூழ் நிறுத்தப்பட்டதா? அதையும் உறுதிப்படுத்த முடியவில்லை.